கணனிக் கணக்கும் கணக்குக் கூறுங் கடமையும்: பிரித்தானிய உப தபாலதிபர் வழக்குகள்

பிறர் பொருளைக் கையாள்பவன் அதற்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டவன் என்பது வணிகம் தோன்றிய நாள் தொட்டு எல்லா நாட்டாரும் ஏற்றுக்கொண்ட அறமாகும். இவ்வறத்துக்கு மறுபுறம் ஒன்று உண்டு. அஃது அத்துணை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. கணக்கேட்டைத் தன் வசம் வைத்திருப்பவன், அவ்வேட்டினாற் குற்றஞ் சாட்டப்படுபவனுக்கு அதனை விரித்துக் காட்டக் கடமைப்பட்டவன். ஏடு கடதாசியில் இருந்தவரை இவ்விரு கடமைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை. ஏடு கணனிக்குட் புகுந்தபின் அவை பிரிந்தன. அப்பிரிவினால் விளைந்த கேட்டுக்கு, 1999ஆம் ஆண்டுக்கும் 2015ஆம் ஆண்டுக்கும் இடையிற் பிரித்தானியாவில் உப தபாலதிபர்கள் பட்ட பாட்டினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அக்காலத்தில் 900க்கு மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க் கணக்குக் காட்டல் ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களுக்கு எதிராக நின்ற முதன்மையான சாட்சி ஒரு கணனி.

இரட்டைப் பதிவு முறையை இத்தாலிய வணிகர் நெடுங்காலம் கைக்கொண்டு வந்தனர். பிரான்சிசுக்க சபைத் துறவியான லூக்கா பச்சியோலி 1494ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சிட்ட தம் கணித நூலில் அதனை விளக்கி எழுதினார். அவரே அதனைக் கண்டுபிடித்தவர் எனப் பலர் கூறுவர், அது பொருந்தாது. அவர் செய்தது வழக்கில் இருந்ததை ஒழுங்குபடுத்தி உரைத்தமையே. நாம் ஈண்டு நோக்கவேண்டுவது வேறொன்று. ஒரு வணிகன் தன் ஏட்டிற் பற்றாக எழுதியதை அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்தவன் தன் ஏட்டில் வரவாக எழுதியிருப்பான். பிணக்கு நேரின் இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆகவே, கணக்கின் நம்பகத்தன்மை ஒருவனுடைய நேர்மையில் மட்டும் தங்கியிருக்கவில்லை. இருவர் தனித்தனியே எழுதினர் என்பதிலேயே பெரிதும் தங்கியிருந்தது.

பிரித்தானியாவின் தபாற் கந்தோர்களுட் பெரும்பாலானவை அரசாங்க ஊழியரால் நடாத்தப்படுவன அல்ல. ஊரிற் கடை வைத்திருக்கும் ஒருவர் உடன்படிக்கையின் பேரில் உப தபாலதிபராகிக் கடையின் ஒரு பக்கத்திலே தபால் வேலையையும் பார்ப்பார். உப தபாற் கந்தோர் என்ற அமைப்பை ஆங்கிலேயரிடமிருந்து பெற்ற நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஓய்வூதியம் வாங்க வரும் முதியோர் முதல் முத்திரை வாங்க வரும் சிறுவர் வரை ஊரார் யாவரும் அவரை அறிவர். அவர் கையில் தம் பணத்தை ஐயமின்றிக் கொடுப்பர். அப்பதவியைப் பெறுவதற்குச் சேமிப்பு முழுவதையும் முதலிட்டவர் பலர். அவருட் கணிசமானோர் இந்தியத் துணைக்கண்டத்தை அடியாகக் கொண்ட குடும்பத்தினர்.

கடதாசிக் காலத்தில் உப தபாலதிபர் வாரந்தோறும் புதன்கிழமை காசுக் கணக்கை முடித்து, பற்றுச்சீட்டுக்களுடன் செசுற்றர்பீல்டு நகரிலுள்ள கணக்கு அலுவலகத்துக்கு அனுப்புவார். குறைவோ மிகையோ தோன்றின் இரவிருந்து சீட்டுக்களைப் புரட்டிப் பிழை எங்கே என்று தேடுவார். தேடுவதற்குரிய ஏடு அவர் மேசையில் இருந்தது.

1996ஆம் ஆண்டில் அரசாங்க உதவிப்பணங்களை அட்டை மூலம் வழங்குவதற்கென ஐ.சி.எல். கம்பனியுடன் ஒரு பெருந்திட்டம் ஒப்பந்தமாயிற்று. அக்கம்பனி யப்பானிய நிறுவனமாகிய பியூஜித்சுவுக்கு உரித்தானது; பின்னர் 2002இல் அப்பெயரையே தனதாக்கிக்கொண்டது. திட்டம் தாமதமும் குறைபாடும் மலிந்து தள்ளாடவே, 1999ஆம் ஆண்டு வைகாசியில் சமூக பாதுகாப்புத் திணைக்களம் அதிலிருந்து விலகிற்று. எஞ்சியதைத் தபாற் கந்தோர்களின் கணக்குமுறையாக மாற்றி, ‘ஹொறைசன்’ என்ற பெயருடன் ஏறத்தாழ 18,000 கந்தோர்களில் நிறுவினர். இராணுவத்துறை சாராத கணனித் திட்டங்களுள் ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது இதுவெனப் பெருமை பேசப்பட்டது. உதவிப்பணத்துக்கென வெட்டிய சட்டை கணக்கேட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டவர் இருந்தனர். அவர் சொல் எடுபடவில்லை.

புதிய முறையில் உப தபாலதிபர் கணக்கை எழுதுபவர் அல்லர், பொத்தானை அழுத்துபவர். அவர் அழுத்தியவை தூரத்திலுள்ள கணனியிற் சேர்ந்தன. அங்கே என்ன பதிவாயிற்று என்பதைத் தம் திரையிலும் தாம் எடுக்கக்கூடிய சில அறிக்கைகளிலும் மட்டுமே அவர் காணலாம். உடன்படிக்கையோ பழையதே. தம் கவனக்குறைவாலோ பிழையாலோ நேரும் நட்டத்துக்கு அவர் பொறுப்பு என்று அது கூறிற்று. நடைமுறையிற் கம்பனி, திரையிற் காணும் எக்குறைவுக்கும் அவரே பொறுப்பு என வைத்துக்கொண்டது. பிணக்கிலுள்ள தொகையைத் தீர்வு காணும்வரை ஒதுக்கிவைக்கக் கந்தோரிலே முன்னர் ஓர் இடம் இருந்தது. 2005ஆம் ஆண்டளவில் அதனையும் எடுத்துவிட்டனர். அதன்பின் காலமுடிவில் உப தபாலதிபருக்கு இரண்டே வழிகள் விடப்பட்டன: தம் பணத்தை இட்டு நிரப்புதல், அல்லது கடனாக ஏற்றுக்கொள்ளுதல். ‘இக்கணக்கை நான் ஏற்கவில்லை’ என்று அழுத்துவதற்கு ஒரு பொத்தான் அந்த இயந்திரத்தில் இருக்கவில்லை. கணக்கியல் அறிந்த ஒருவர் இந்த அமைப்பை வரைந்தார் என்பதே வியப்புக்குரியது.

ஹம்சயர் மாகாணத்திலுள்ள சவுத் வோண்பரோக் கிராமத்தின் உப தபாலதிபர் ஜோ ஹமில்டன் அம்மையாருடைய அனுபவம் இம்முறையின் இயல்பைக் காட்டப் போதுமானது. ஒருநாள் அவருடைய கணக்கில் ஏறத்தாழ 2,000 பவுண் குறைவு காட்டிற்று. உதவித் தொலைபேசியை அழைத்து, அங்கிருந்தோர் கூறியவாறே பொத்தான்களை அழுத்தினார். அவர் கண்முன்னே குறைவு இருமடங்காயிற்று. ஈற்றிலே தொகை 36,000 பவுணை எட்டிற்று. பணம் இட இயலாதவர் மறுநாட் காலை கந்தோரைத் திறக்கவேண்டுமாயின் கணக்குச் சரி என்று கையொப்பமிட்டாக வேண்டும். அவ்வாறு இட்ட கையொப்பமே பின்னர் பொய்க் கணக்குக் காட்டல் என்னும் குற்றமாயிற்று. களவுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், பொய்க் கணக்கை ஒப்புக்கொள்க என்றனர் வழக்குத் தொடுத்தோர். சிறைக்கு அஞ்சி அவரும் ஒப்புக்கொண்டார். 2008இல் அவர் நீதிமன்றில் நின்றபோது ஊரார் திரண்டு சென்று துணைநின்றனர். கடனை அடைக்கப் பணமும் சேர்த்துக் கொடுத்தனர். கம்பனியின் கணனி நம்பாத ஒருவரை அவரிடம் நாள்தோறும் பணங்கொடுத்து வாங்கியோர் நம்பினர்.

சட்டமும் இக்காலத்திலே தடம் மாறியது. 1984ஆம் ஆண்டின் பொலிசு மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, கணனியிலிருந்து பெறப்பட்ட பத்திரத்தைக் குற்ற வழக்கிற் சான்றாக இடுவோர் அக்கணனி செவ்வனே இயங்கியது என்பதைக் காட்டவேண்டும். அது வீண் தொல்லை என்று 1997இல் சட்ட ஆணைக்குழு கருதிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் அப்பிரிவு நீக்கப்பட்டது; நீக்கம் 2000ஆம் ஆண்டு சித்திரையில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், இயந்திரம் சரியாக இயங்கியது என்னும் பழைய அனுமானமே நின்றது. மறுப்பவரே அதற்கு ஆதாரங் காட்டவேண்டும். ஹொறைசன் ஊர் ஊராக நிறுவப்பட்டுக்கொண்டிருந்த மாதங்களும் இவையே. பழுதுண்டு எனக் காட்டவேண்டியவர் கிராமத்துக் கடைக்காரர். பழுதுபற்றிய பதிவேடுகள் யாவும் இருந்ததோ கம்பனியிடமும் பியூஜித்சுவிடமும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் தனியாரும் குற்ற வழக்குத் தொடுக்கலாம். அவ்வுரிமையைக் கொண்டு தபாற் கந்தோர்க் கம்பனி ஏறத்தாழ 700 பேரைத் தானே குற்றவாளிகளாகத் தீர்ப்பித்தது. பணம் இழந்ததாகச் சொன்னவரும், விசாரித்தவரும், வழக்கு நடாத்தியவரும், சான்றேட்டை வைத்திருந்தவரும் ஒருவரே. உட்கட்டுப்பாடு என்று கணக்கியலார் கூறுவதன் முதற் பாடம், காசை வைத்திருப்பவரும் கணக்கை எழுதுபவரும் வெவ்வேறானவராதல் வேண்டும் என்பது. அப்பாடத்தை உப தபாலதிபர் மேற் கடுமையாகப் பிரயோகித்த நிறுவனம் தன்மேற் பிரயோகிக்க மறந்தது.

குடியியல் வழக்கிலும் நிலை இதுவே. யோர்க்சயரிலுள்ள பிரிட்லிங்டனில் லீ காசில்டன் என்பார் உதவித் தொலைபேசியைத் தொண்ணூறு தடவைக்கு மேல் அழைத்தவர். ஏறத்தாழ 25,000 பவுண் குறைவுக்காகக் கம்பனி அவர்மேல் வழக்கிட்டது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமின்றித் தாமே வாதாடினார். 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு பழைய விதியை ஆதாரமாகக் கொண்டது: முகவர் தாம் ஒப்பமிட்டு முதலாளிக்குக் கொடுத்த கணக்கினாற் கட்டுண்டவர், அது தவறென நாட்டுதல் அவர் பொறுப்பு. முகவர் தம் கைப்பட ஏடெழுதிய காலத்தில் நீதியான விதி அது. முகவர் காணமுடியாத ஏட்டுக்கு அதனைப் பொருத்தியபோது அவர் தலையில் விழுந்தது கம்பனியின் வழக்குச் செலவு 321,000 பவுண். அவர் வங்குரோத்தானார்.

இக்காலமெல்லாம் கணனியிற் பழுதே இருக்கவில்லையா? இருந்தது, இருந்தமை அறியப்பட்டும் இருந்தது. ஸ்கொத்லாந்திலுள்ள போல்கேர்க் நகரின் கலண்டர் சதுக்கக் கந்தோரிற் கண்டறியப்பட்ட வழு 2000 முதல் 2006 வரை பல கந்தோர்களைத் தொட்டது. 2010இல், புதிய பதிப்பு நிறுவப்பட்டபோது, வரவும் கொடுப்பனவும் பொருந்தாத வழு ஏறத்தாழ அறுபது கந்தோர்களிற் காணப்பட்டது. அதுபற்றிக் கம்பனியினரும் பியூஜித்சுவினரும் கூடி எழுதிய குறிப்பில், இது வெளியே தெரிந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கக்கூடும் என்ற கவலை பதிவாகியுள்ளது. கந்தோரின் கணக்கைப் பியூஜித்சு தூரத்திலிருந்தே திருத்துவது அங்கு ஆராயப்பட்ட வழிகளுள் ஒன்று. அவ்வாண்டே உயர் கணக்கதிகாரி ஒருவர் எழுதிய அறிக்கை, சுதந்திரமான ஆய்வு ஒன்றை நடாத்தினால் அதனை நீதிமன்றத்துக்கு வெளிப்படுத்த நேரும் என்பதை ஆய்வு வேண்டாமைக்குக் காரணமாகக் காட்டிற்று. அறியாமை வேறு, அறியாதிருக்க முடிவு செய்தல் வேறு.

அவ்வாண்டு ஐப்பசியிற் சரே மாகாணத்து வெசுட் பைபிளீட் உப தபாலதிபர் சீமா மிசுரா அம்மையாரின் வழக்கு விசாரணைக்கு வந்தது. குறைவு ஏறத்தாழ 74,000 பவுண். மேற்படி குறிப்பு அவர்தம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப்படவில்லை. கார்த்திகையிற் பதினைந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். தண்டனை விதித்த நாள் மூத்த மகனுடைய பத்தாவது பிறந்தநாள்.

பழுதினால் எழுந்த குறைவு உண்மையான குறைவு அன்றாயின், உப தபாலதிபர்கள் வீட்டை ஈடுவைத்தும் உறவினரிடம் இரந்தும் கட்டிய பணம் எங்கே போயிற்று? கம்பனியின் மத்திய ஏடுகளில் உரியவர் இன்னாரென அறியப்படாத தொகைகள் தொங்கற் கணக்கில் வைக்கப்பட்டன. சில ஆண்டுகள் கழிய இலாப நட்டக் கணக்குக்கு மாற்றப்பட்டன. இல்லாத கடனுக்கு வாங்கிய பணம் இவ்வாறு இலாபமாகக் கலந்திருத்தல் கூடும் என்பதை ஆராய்ந்தோர் சுட்டிக்காட்டினர். கணக்காளராக விரும்பும் மாணவர் இவ்வொரு பந்தியை மட்டுமேனும் மனத்தில் வைப்பாராக. தொங்கற் கணக்கு என்பது ‘யாருடையது எனத் தெரியவில்லை’ என்பதன் பெயர். அதனை இலாபமென எழுதுமுன் ‘யாருடையது?’ என்று தேடியாக வேண்டும்.

எதிர்ப்பு வேல்சிலே தொடங்கிற்று. லண்டட்னோவுக்கு அருகேயுள்ள கிரேக்-ஈ-டொன் உப தபாலதிபர் அலன் பேற்சு, தாம் ஆராய்ந்து பார்க்க இயலாத குறைவுக்குப் பணங்கட்ட மறுத்துக் கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். 2003இற் கம்பனி அவர் உடன்படிக்கையை முடித்தது. உதவித் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் ‘இத்தொல்லை உமக்கு மட்டுமே’ என்று சொல்லப்பட்டு வந்தது. ஆதலின் ஒருவரையொருவர் அறியாதிருந்தனர். 2009ஆம் ஆண்டு வைகாசியிற் கணனித்துறை வாரவெளியீடொன்று எழுவருடைய கதையை வெளியிட்டபின்னரே அவர்கள் கூடிச் சங்கம் அமைத்தனர். பாராளுமன்ற உறுப்பினர் சிலரின் வற்புறுத்தலால் 2012இல் ‘செக்கன்ட் சைட்’ என்னும் தடயக் கணக்காய்வு நிறுவனம் அமர்த்தப்பட்டது. 2013 ஆடியில் வெளிவந்த அதன் இடைக்கால அறிக்கை வழுக்கள் இருந்தமையைக் குறித்தது. அதே மாதம் சைமன் கிளார்க் என்னும் வழக்கறிஞர் கம்பனிக்கு எழுதிய ஆலோசனை இன்னும் பாரதூரமானது. வழக்குகளில் நிபுணராகச் சாட்சியளித்து வந்த பியூஜித்சுப் பொறியியலாளர் தாம் அறிந்த வழுக்களைச் சொல்லாது விட்டார் எனவும், அவர் சாட்சியத்தை இனி நம்பவியலாது எனவும் அவர் எழுதினார். அவ்வாலோசனை தண்டிக்கப்பட்டோர் கைக்கு வந்தது 2020இல்.

ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனை நாம் சிறுவயது முதல் அறிவோம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அவன் மேற்கொண்டு வாதாடவில்லை. அக்கணமே தன் குற்றத்தை உணர்ந்து உயிர் துறந்தான். இக்கம்பனியின் முன் 2013இல் மாணிக்கம் தெறித்தது. அது வாதாடிற்று. கந்தோர்க் கணக்கைத் தூரத்திலிருந்து எவரும் மாற்றவியலாது என்று 2015இலும் கூறிக்கொண்டிருந்தது. பேற்சும் அவரோடு சேர்ந்த 554 பேரும் தொடுத்த வழக்கை எதிர்த்துக் கோடிக்கணக்கான பவுண் பொதுப்பணத்தைச் செலவிட்டது. 2019 பங்குனியில் முதலாவது தீர்ப்பு பாதகமாகவே, நீதிபதி பிறேசர் பக்கச்சார்பானவர் எனக் கூறி அவரை விலக்கவும் முயன்று தோற்றது. அவ்வாண்டு மார்கழி 16ஆந் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பில் நீதிபதி, ஹொறைசனின் வழுக்கள் கந்தோர்க் கணக்குகளிற் குறைவைத் தோற்றுவிக்கக்கூடியன எனவும், தோற்றுவித்தன எனவும் முடிவு செய்தார். தொலைமாற்றமும் இயன்றதே எனக் கண்டார். ஒப்பமிட்ட கணக்கு பற்றிய பழைய விதி இந்த ஏட்டுக்குப் பொருந்தாது என்பதும் முதலாவது தீர்ப்பிலே அவர் உரைத்தது. சமரசத் தொகை 57.75 மில்லியன் பவுண். வழக்குச் செலவு போக 555 பேருக்கும் எஞ்சியது அதில் ஏறத்தாழ ஐந்திலொன்று.

2021 சித்திரை 23ஆந் தேதி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹமில்டன், மிசுரா உட்பட 39 பேரின் தண்டனைகளை நீக்கிற்று. இவ்வளவும் நடந்த பின்னரும் பொதுமக்கள் பெரிதாகக் கிளர்ந்தெழவில்லை. 2024 தைமாதத் தொடக்கத்திலே தொலைக்காட்சி நாடகமொன்று ஒளிபரப்பானபோதே கிளர்ந்தனர். தீர்ப்புக்களும் அறிக்கைகளும் செய்யாததை நான்கு இரவு நாடகம் செய்தது. வரலாறு படிப்போர்க்கு இது சற்றுச் சங்கடமான செய்தி. அவ்வாண்டு வைகாசியில் நிறைவேறிய சட்டம் எஞ்சியோரின் தண்டனைகளை ஒருசேர நீக்கிற்று. பாராளுமன்றம் இவ்வாறு நீதிமன்றத் தீர்ப்புக்களைச் சட்டத்தால் துடைத்தமை அரிதினும் அரிது.

பொறுப்பு யாருடையது? வழு எல்லாக் கணனியிலும் உண்டு; வழுவை எழுதியவரை மட்டும் நோதல் பயனற்றது. 2024 தையிற் பியூஜித்சுவின் ஐரோப்பியத் தலைவர் பாராளுமன்றக் குழுவின்முன், வழுக்கள் தொடக்கத்திலேயே தம் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தன எனவும், நட்டஈட்டிற் பங்கேற்க அறக்கடமை உண்டு எனவும் ஒப்புக்கொண்டார். பணிப்பாளர் சபையினரோ தமக்குச் சொல்லப்படவில்லை என்றனர். கம்பனியின் ஒரே பங்குதாரராகிய அரசாங்கத்தின் அமைச்சர்கள், நடைமுறை நிருவாகத்திற் தலையிடுவதில்லை என்றனர். கணக்காய்வாளர் நிலையும் நோக்கத்தக்கது. 1896ஆம் ஆண்டின் கிங்சுடன் பருத்தி ஆலை வழக்கில் நீதிபதி லோப்சு, கணக்காய்வாளர் காவல் நாயே அன்றி வேட்டை நாய் அல்லர் என்று உவமித்தார். அதனைச் சொல்லித் தப்புவது அத்தொழிலார் வழக்கம். இங்கே காவல் நாய் குரைக்கவே செய்தது. 2011இற் கம்பனியின் வெளிக் கணக்காய்வாளர், பியூஜித்சு ஊழியர் கணனிக்குட் செல்வதற்கும் அதில் மாற்றஞ் செய்வதற்கும் உரிய கட்டுப்பாடுகள் போதிய வலுவுடையன அல்ல என்று முகாமைக்கு எழுதினர். அவர்கள் எண்ணியது கம்பனியின் ஐந்தொகை பற்றி. அதே தளர்ந்த கட்டுப்பாட்டின்மேல் நின்று மனிதர் சிறைக்கு அனுப்பப்படுகின்றனர் என்பதை அக்கடிதத்தோடு சேர்த்துப் படிக்க அக்கட்டடத்துள் ஒருவரும் இருக்கவில்லை. எனது கருத்து, இப்பெரும் பிழையின் வேர் இதுவே என்பது. ஏட்டின் பிழையாற் கம்பனிக்கு நேரக்கூடிய நட்டத்தை அளக்க முறையிருந்தது. அப்பிழையால் மற்றவர்க்கு நேரும் நட்டம் எந்தக் கட்டுப்பாட்டு அறிக்கையிலும் ஒரு பத்தியாக இருக்கவில்லை.

நீதிபதி சேர் வின் வில்லியம்சின் பொது விசாரணை 2025 ஆடி 8ஆந் தேதி தன் முதலாவது தொகுதியை வெளியிட்டது. குறைந்தது பதின்மூவர் இவ்விடரால் தம் உயிரை மாய்த்திருக்கலாம் என அது கூறுகின்றது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் நூறுகோடிப் பவுணுக்கு மேல் நட்டஈடாகக் கொடுக்கப்பட்டுவிட்டது. கொடுத்தவர் வரி செலுத்துவோர். கணனி பிழைசெய்யாது என்ற சட்ட அனுமானத்தை மாற்றுவதா என்பது பற்றிப் பிரித்தானிய நீதி அமைச்சு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது 2025ஆம் ஆண்டு தை மாதத்தில். 69ஆம் பிரிவு நீக்கப்பட்டு அப்போது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.